கரூர்னு ஒரு லேபிள் கூட இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் உங்க பேப்பருக்கு இருபது வருஷத்து வாசகன். இதுவரைக்கும் ஒரே ஒரு கடிதம்தான் எழுதியிருக்கேன், அதுவும் எங்க தெரு சாக்கடை பத்தி, நீங்க போடல, பரவாயில்ல. இது கொஞ்சம் நீளமா போகும், வெட்டிக்குங்க, ஆனா கரூர்ல செய்யற துணியில கரூர்னு பேரே இல்லாத அந்த லேபிள் விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

புதுக்கோட்டையில சின்னதா ஒரு கடை வெச்சிருக்கேன். போர்வை, தலகாணி உறை, கொசுவலை, துண்டு, மிதியடி இந்த மாதிரி சரக்கு. 1998-ல அப்பா கடைய என் கையில குடுத்தாரு, அன்னையில இருந்து எனக்கு வர்ற பண்டல்ல பாதிக்கு மேல "கரூர்"னு பார்சல் ஆபீஸ்காரர் மார்க்கர் பேனாவால கிறுக்கியிருப்பாரு. அந்த ஊரப் பத்தி எனக்கு தெரிஞ்சது அந்த கிறுக்கல்தான். போன் பண்ணா சரக்கு வந்துரும், பணத்த அனுப்பினா கணக்கு முடிஞ்சுது, நேர்ல போகணும்னு தோணினதே இல்ல. 2025 ஆவணிக் கடைசியில அக்கா பொண்ணு கரூர்ல வீடு கட்டி பால் காய்ச்சினா, அதுக்குப் போனவன் ரெண்டு நாள்ல திரும்பறதா பிளான், நாலு நாள் உக்காந்துட்டேன்.

திருச்சியில இருந்து ட்ரெயின். குளித்தலை பக்கம் காவிரி கூடவே வருது, அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-லயே திறந்துட்டாங்கல்ல, தண்ணி நல்லா போயிட்டிருந்துச்சு. கரையோரம் பூரா வாழை, வெத்தலக் கொடிக்கால், கோரை. அறுத்த கோரைய வெயில்ல விரிச்சுப் போட்டிருந்தாங்க, என் கடையில விக்கற பாய் எப்படி ஆரம்பிக்குதுன்னு அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்.

ஊருக்குள்ள நடந்தா முதல்ல கண்ணுல படறது பைனான்ஸ் போர்டுங்கதான். ஜவஹர் பஜார்ல இருந்து கோவை ரோடு வரைக்கும் நடந்தேன், மாடி மேல, சந்துக்குள்ள, மெடிக்கல் ஷாப்புக்கு மேலன்னு எங்க பாத்தாலும் ஏதோ ஒரு சாமி பேருல ஒரு பைனான்ஸ். அக்கா மருமகன் துணி எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், ஆர்டர் வாங்கி சரக்கு முடிச்சு அனுப்பற வேலை, அவர்கிட்ட கேட்டேன், "கரூர்க்காரங்க காசத் தூங்க விடமாட்டாங்க மாமா, ராத்திரிக்கும் அதுக்கு வேல உண்டு"ன்னாரு. சும்மா சொல்லல, இந்த ஒரு ஊருல இருந்து ரெண்டு பேங்க் கிளம்பியிருக்கு பாருங்க, கரூர் வைசியா பேங்க் 1916-ல, லட்சுமி விலாஸ் பேங்க் 1926-ல. அப்ப இது ஒரு சின்ன முனிசிபாலிட்டி, மெட்ராஸ் இல்ல மதுரை இல்ல, ஊரு வியாபாரிங்க தங்களுக்குள்ள காசப் போட்டு பேங்க் தொடங்கியிருக்காங்க. முதல் பேங்க் நூறு வருஷம் தாண்டி நிக்குது. ரெண்டாவது 2020 நவம்பர்ல சிங்கப்பூர் டிபிஎஸ் பேங்க்கோட சேர்ந்துருச்சு, டெபாசிட் போட்டவங்களுக்கு ஒன்னும் ஆகல, ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் சைபர். பங்கு மூலதனம் மொத்தத்தையும் எழுதித் தள்ளிட்டாங்க. கரூர்ல அத இன்னும் ஏதோ துக்க சேதி மாதிரிதான் குரல தணிச்சு பேசறாங்க, தாத்தா வாங்கி வெச்ச ஷேர பேரன் வரைக்கும் விக்காம வெச்சிருந்த குடும்பங்க இருந்திருக்குமில்ல.

அடுத்தது பஸ்ஸு. இத கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். ரெண்டாம் நாள் காலையில பைபாஸ் ஓரம் டீ குடிச்சுட்டு நிக்கறேன், பஸ் சேசிஸ் ஒன்னு போகுது. பாடி கிடையாது, கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது, இஞ்சின், சக்கரம், ஸ்டியரிங்கு அவ்வளவுதான், டிரைவரு தலையில ஹெல்மெட்டு மூஞ்சியில துண்டு கட்டிக்கிட்டு வெட்டவெளியில உக்காந்து ஓட்டிட்டு போறாரு. மழை வந்தா என்ன பண்ணுவாருன்னு கேட்டேன், "நனைவாருங்க"ன்னு டீக்கடைக்காரரு சொல்லிட்டு பாலாத்தப் போயிட்டாரு.

மருமகனோட கூட்டாளி ஒருத்தர் பாடி கட்டற இடத்துல சூப்பர்வைசர், கூட்டிட்டு போய் காட்டினாரு. ஷெட்டுக்குள்ள ஒரு பதினஞ்சு பஸ்ஸு நிக்குது, ஒவ்வொன்னும் ஒரு நிலமையில. ஒன்னு வெறும் எலும்புக்கூடு, ஒன்னுக்கு தகரம் அடிச்சிருக்கு, ஒன்னுக்குள்ள ரெண்டு பேரு படுத்துக்கிட்டு ஒயரிங் பண்றாங்க, கடைசியில நிக்கறதுக்கு ஒரு பையன் முன் கண்ணாடிக்கு மேல முதலாளி பொண்ணு பேரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருக்கான். அந்தக் காலத்துல மரச்சட்டம் வெச்சு கட்டினாங்களாம், தச்சு வேலை தெரிஞ்சவங்கதான் மேஸ்திரியாம், இப்ப பூரா இரும்பு பைப்பு, வெல்டிங். மத்திய அரசு பஸ் பாடி கோடுன்னு ஒன்னு வெச்சிருக்கு, ஏஐஎஸ் 052-ன்னு சொல்றாங்க, எமர்ஜென்சி கதவு எங்க இருக்கணும், சீட்டுக்கு சீட்டு எவ்வளவு இடைவெளி, எல்லாத்துக்கும் அளவு. சின்னப் பட்டறைக்கு இதெல்லாம் பாரம்னு சொன்னாரு, ஆனா பஸ்ல போறவன் நான், எனக்கு அந்த பாரம் இருக்கட்டும்னுதான் தோணுச்சு, அவர்கிட்ட சொல்லல. இப்ப சேசிஸ் கம்பெனிக்காரங்களே பாடியும் கட்டி முழு பஸ்ஸா விக்க ஆரம்பிச்சுட்டாங்க, அந்தக் கவலை ஒரு பக்கம் இருக்கு.

இதுல ஒன்ன கவனிச்சேன், பாடி கட்டறவங்க மட்டும் அவங்க பேர போட்டுக்கறாங்க. பஸ்ஸுக்குப் பின்னாடியோ படிக்கட்டு பக்கத்துலயோ கம்பெனி பேரு, கீழ கரூர்னு இருக்கும். திரும்பி வந்தப்புறம் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், நாலு பிரைவேட் பஸ்ல மூணுல இருக்கு. இத்தனை வருஷம் அதுல ஏறி எறங்கியிருக்கேன், படிச்சதில்ல.

இனி என் தொழில். மருமகன் அவர் கம்பெனிக்கு கூட்டிட்டு போனாரு. நான் துணி வியாபாரம் பண்றவன், எனக்கு தெரியாத துணியான்னு கொஞ்சம் மெதப்பாத்தான் போனேன். டேபிள் விரிப்பு, நாப்கின், ஏப்ரன், கிச்சன் டவல், சூடான பாத்திரம் பிடிக்கறதுக்கு மெத்து மெத்துன்னு ஒரு சதுரம், ஓவன் க்ளவுஸ், சேர் குஷன், அதுக்கு நாடா. ஒரு மேஜை விரிப்புக்கு நூலு ஒரு இடம், சாயம் ஒரு இடம், பாவு ஒரு இடம், தறி எங்கயோ கிராமத்துல, தையல் இங்க, செக்கிங் இங்க, அயன் பண்ணி அட்டைப்பெட்டியில போட்டு தூத்துக்குடி துறைமுகம். ஆறேழு கை மாறுது, யாரு ஒருத்தர் சொதப்பினாலும் மத்த எல்லாரோட வேலையும் போச்சு. கலர் ஷேட் ஒரு பொட்டு மாறினா மொத்த லாட்டும் ரிஜெக்டாம்.

செக்கிங் டேபிள்ல ஒரு அம்மா நாப்கின் ஓரத்த கண்ணுகிட்ட வெச்சு எண்ணிட்டு இருந்தாங்க. என்னம்மா எண்றீங்கன்னேன். "இஞ்சுக்கு எட்டு தையல் இருக்கோணுங்க. ஏழு இருந்தா ஆகாது, வாய் தொடைக்கற துணிக்குத்தான் இந்தப் பாடுங்க" அப்படின்னு சிரிச்சாங்க. பக்கத்து மேஜையில பூசணிக்காய் படம் போட்ட துணி மிச்சம் கெடந்துச்சு, அமெரிக்காவுல அக்டோபர் கடைசியில பேய்ப் பண்டிகையாம், அதுக்கு போன சரக்காம். நாம திருஷ்டிக்கு வாசல்ல தொங்க விடறத அவங்க சாப்பாட்டு மேஜையில விரிக்கறாங்க, அத நம்ம அம்மாங்க கரூர் பக்கத்துல வெங்கமேட்டுல இருந்தும் வாங்கல்ல இருந்தும் வந்து தச்சுக் குடுக்கறாங்க.

அந்த ஹால்ல பாதி மெஷின் மூடி போட்டு சும்மா இருந்துச்சு. ஏன்னு நான் கேக்கல, மருமகனே சொன்னாரு. 2025 ஆகஸ்ட் 7-ல அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டுச்சு, 27-ல இன்னொரு 25, மொத்தம் 50 ஆச்சு, அதுவும் ஏற்கனவே இருக்கற டூட்டிக்கு மேல. இதே துணிய அப்ப பாகிஸ்தான்காரர் அனுப்பினா 19, பங்களாதேஷ்காரர் அனுப்பினா 20. கிறிஸ்துமஸ் சரக்கு வரி ஏறறதுக்கு முன்னாடியே கப்பல் ஏறிடுச்சாம், அதனால அப்ப அடி இன்னும் முழுசா தெரியல, 2026 ஈஸ்டர் ஆர்டர் அப்ப வந்திருக்கணும், அதுதான் வரல. அங்க சரக்கு வாங்கற பையர் மெயில்ல ரொம்ப மரியாதையா எழுதறாராம், வரிய ஆளுக்குப் பாதி ஏத்துக்கலாமேன்னு. லாபமே அந்தப் பாதி இருக்காது மாமாங்கறாரு. ஓவர்டைம் நிறுத்திட்டாங்க, ஆளுங்கள கூட்டிட்டு வர்ற வேன் ரெண்டு ட்ரிப் அடிச்சது ஒரு ட்ரிப்பாயிடுச்சு, அட்டைப்பெட்டி அடிச்சுத் தர்றவரு வாரத்துல மூணு நாள் பட்டறைய பூட்டி வெக்கறாரு. ராத்திரி புது வீட்டு மொட்டை மாடியில உக்காந்து பேசினப்ப வீட்டு லோன் எவ்வளவுன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

மனசு சரியில்லன்னா கரூர்ல ஒரு மருந்து இருக்கு, கரம். பொரி, கேரட், பீட்ரூட் துருவல், நொறுக்கின தட்டுவடை, பச்சையும் சிவப்புமா ரெண்டு சட்னி, எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு தள்ளுவண்டிக்காரரு கரண்டியால டக்கு டக்குன்னு அடிக்கற சத்தம் தெரு முனையிலயே கேக்கும். முட்டை கரம், அப்பளக் கரம், போண்டா கரம்னு வகை வேற. லைட் ஹவுஸ் கார்னர் பக்கம் ஒரு வண்டியில தின்னேன், மூக்குல தண்ணி. வண்டிக்காரர்கிட்ட வியாபாரம் எப்படின்னேன், "கம்பெனில சனிக்கெழம சம்பளம் போட்டா எனக்கும் சம்பளமுங்க"ன்னாரு. அமெரிக்காவுல போட்ட வரி பொரி வண்டி வரைக்கும் வந்துருச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது.

கொசுவலை ஓட்டற பட்டறை ஒன்னும் பாத்தேன், 27 வருஷமா விக்கறேனே. பிளாஸ்டிக் குருணைய உருக்கி முடி மாதிரி இழையா இழுத்து மெஷின்ல பின்னி எடுக்கறாங்க, உள்ள நின்னா சத்தத்துல காது அடைச்சுக்குது. மருந்து சேத்த வலை ஆப்பிரிக்காவுக்கு மலேரியாத் தடுப்புக்குன்னு போகுது, அதே ஊருல செய்யறாங்க. அதுக்கு மேல ஓனர் என்னை உள்ள விடல, போட்டிக்காரன் அனுப்பின ஆளுன்னு நெனச்சிருப்பாரு.

நல்லதே சொல்லிட்டு இருந்தா நீங்க நம்பமாட்டீங்க. அமராவதி பாலத்துல நின்னு கீழ பாத்தேன், ஆறுன்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை, நடுவுல கருப்பா ஒரு ஓடை. ஒரு காலத்துல இந்த ஆத்து மணல்ல ரோமாபுரி காசு கிடைச்சிருக்கு, சேரங்க வஞ்சின்னு சொன்னது இந்த ஊரத்தான்னு படிச்சிருக்கோம். சாயப்பட்டறைக் கழிவு வருஷக்கணக்கா இதுலதான் போச்சு, சுத்துப்பட்டுல கெணத்துத் தண்ணி கெட்டு தென்னை காஞ்சு விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, நெறைய பட்டறைய மூடினாங்க, இப்ப சுத்திகரிப்பு வெச்சுத்தான் ஓட்டணும்னு சட்டம். போதாக்கொறைக்கு மேற்கால இருந்து நொய்யல் திருப்பூர் சாயத்தயும் சேத்து இந்த ஜில்லாவுலதான் காவிரியில கொண்டாந்து விட்டுச்சு. என் கடையில கலர் போகாத போர்வைன்னு கூவி விக்கறேன், அந்தக் கலரு எங்க போச்சுன்னு யோசிச்சதில்ல, இதுல எனக்கும் பங்கிருக்கு, எழுதித்தான் ஆகணும்.

மூணாம் நாள் வேலாயுதம்பாளையம் போனோம், புகளூர் ஆறுநாட்டார் மலை. முருகன் கோயிலுக்கு ஏறற வழியில பாறைக்கு அடியில குகை, சமண முனிவருங்க படுக்கறதுக்கு கல்லுல வெட்டின படுக்கை, மேல தமிழ் பிராமி எழுத்து. சேரராஜா மூணு தலைமுறை பேரு அதுல இருக்கு, பெரிய விஷயம்தான், ஆனா எனக்கு பிடிச்சது வேற ஒரு வரி. "கருவூர் பொன் வாணிகன் நத்தி"ன்னு ஒருத்தர், முனிவருங்களுக்கு படுக்கை செஞ்சு குடுத்துட்டு தன் பேரையும் தொழிலையும் ஊரையும் சேத்து வெட்டி வெச்சிருக்காரு. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் ஒரு கடைக்காரன், இன்னொரு கடைக்காரன் போர்ட படிச்ச மாதிரி இருந்துச்சு, கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டேன், மருமகன் போட்டோ எடுத்து முடிச்சுட்டு கீழ எறங்கிட்டாரு.

அங்கிருந்து பக்கம்தான் காகிதபுரம், டிஎன்பிஎல்னு தமிழ்நாடு அரசு பேப்பர் மில்லு. கரும்பு சக்கைய வெச்சு பேப்பர் பண்றாங்க, கம்பெனி ஆரம்பிச்சது 1979, பேப்பர் வந்தது எண்பதுகள்ல. ஊருக்கே காகிதம்னு பேரு வெச்சது ஒரு அழகு. வெளிய இருந்து பாத்ததோட சரி.

கிளம்பற அன்னைக்கு வீட்டுக்கு ஏதாச்சும் வாங்கணும்னு கடைத்தெருவுக்குப் போனேன். கரூர் வந்து கரூர் சரக்கு வாங்காம போவானா துணிக்கடைக்காரன். ஜவுளிக்கடையில கேட்டா சூரத் பெட்ஷீட்ட எடுத்துப் போடறாங்க. இன்னொரு கடையில பானிபட் போர்வை. இங்க செய்யறது எங்கங்க கிடைக்கும்னா எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைக்கு போங்கன்னாங்க. போனேன். மூட்டை மூட்டையா குமிச்சு வெச்சிருக்காங்க, எல்லாம் மிச்சமும் ரிஜெக்ட்டும். ஓவன் க்ளவுஸ் ஜோடி 60 ரூவா, அதுல ஒரு விலைச்சீட்டு கிழிக்காம தொங்குது, 12.99 டாலர். டேபிள் விரிப்புல லேபிள் பாதி வெட்டியிருக்கு. வெட்டாத ஒன்னு கிடைச்சுது, அதுல அமெரிக்கக் கடை பேரு பெருசா, கீழ மேட் இன் இந்தியா, துவைக்கற முறை நாலு படம். தேடித் தேடிப் பாத்துட்டேன், கரூர்னு ஒரு இடத்துலயும் இல்ல.

மருமகன்கிட்ட கேட்டேன், ஏன்யா உங்க ஊரு பேரே போடமாட்டீங்களான்னு. பையர் ஒத்துக்கமாட்டாரு மாமா, சரக்கு அவருது, பிராண்டு அவருதுன்னாரு. சரி, அவருக்கு அனுப்பறதுல வேண்டாம், நமக்குள்ள விக்கறதுல போடலாமேன்னேன். உள்ளூர்ல யாரு மாமா டேபிள் விரிப்பு வாங்குவாங்க, கடன் சொல்வாங்க, சீசனுக்கு சீசன் ரேட்ட கொறைப்பாங்க, ஒரு பையர்கிட்ட ஒரு கண்டெய்னர் அனுப்பறது நூறு கடைக்காரனோட மல்லுக்கட்டறத விட சுலபம்னு சொன்னாரு. என்னையும் சேத்துதான் சொன்னாரு, தப்பில்ல, நானும் கடன் சொல்றவன்தான்.

ஆனா இப்ப அந்த ஒரு பையரு போனை எடுக்கலன்னா ஊரே முழிக்குதே. இஞ்சுக்கு எட்டு தையல் எண்ணிப் போடற கைங்க ஒரு ஊரு பூரா இருக்கு, அந்தத் தரத்துல ஒரு துண்ட என் கடைக்கு வர்ற ஜனம் பாத்ததே இல்ல. எனக்கு வர்ற கரூர் பண்டல் வேற தரம், அது எனக்கு இப்பத்தான் தெரியும், நல்லத வெளிநாட்டுக்கும் சுமாரானத புதுக்கோட்டைக்கும் அனுப்பிட்டு இருந்திருக்காங்க. பவானி ஜமக்காளம்னு சொன்னா வாங்கறவங்களுக்கு ஊரு ஞாபகம் வருது, அந்தப் பேர வேற ஊருக்காரங்க போடக்கூடாதுன்னு அதுக்கு புவிசார் குறியீடும் இருக்கு. ஒரு தடவ ஊரு பேரு ஒட்டிக்கிச்சுன்னா கஷ்ட காலத்துல நாலு பேராவது தேடி வருவாங்க. கரூர் ஏப்ரன், கரூர் டவல்னு யாராச்சும் கேட்டு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?

உங்க பேப்பர்ல கரூர்னு தலைப்பு வந்தா ஒன்னு அரசியல், இல்லன்னா மணல். இந்த வரி விஷயத்துலயும் திருப்பூரப் பத்தி பக்கம் பக்கமா போட்டீங்க, போட வேண்டியதுதான், கரூருக்கு ஒரு மூலையில பத்து வரி. ஒரு நிருபர அனுப்பி நாலு நாள் தங்கச் சொல்லுங்க சார். முதலாளிங்க சங்கத்துல மட்டும் பேட்டி எடுத்துட்டு வந்துடாம செக்கிங் டேபிள்ல நிக்கற அம்மாக்கள்கிட்டயும், அந்த அட்டைப்பெட்டிக்காரர்கிட்டயும், அமராவதிக் கரை விவசாயிகிட்டயும் பேசச் சொல்லுங்க. கோ-ஆப்டெக்ஸ் மாதிரி அரசு கடைங்க ஊரு ஊருக்கு இருக்கே, அங்க இந்த சரக்குக்கு ஒரு ரேக்கு ஒதுக்க முடியாதான்னு சம்பந்தப்பட்டவங்கள கேளுங்க. நான் கேட்டா யாரும் பதில் சொல்லமாட்டாங்க, சாக்கடைக்கே சொல்லல.

ஊருக்கு வந்தப்புறம் எனக்கு எப்பவும் சரக்கு அனுப்பறவருக்கு போன் போட்டேன். எக்ஸ்போர்ட் தரத்துல கிச்சன் டவல் 50 டஜன் அனுப்புங்க, ரேட்டு கூட இருந்தாலும் பரவாயில்ல, ஒரு மூலையில கரூர்னு தமிழ்ல லேபிள் தச்சு அனுப்புங்கன்னேன். மனுஷன் ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம் லேபிளுக்கு தனியா காசு ஆகுமுங்க, குறைஞ்சது ஆயிரம் லேபிள் அடிக்கணுமுங்கன்னாரு. சரி அடிங்கன்னு சொல்லி அட்வான்ஸ் அனுப்பியிருக்கேன், 600 போக மிச்ச 400 லேபிள என்ன பண்றதுன்னுதான் தெரியல.

இப்படிக்கு,
புதுக்கோட்டை வாசகர் ஒருவர்